ஐந்து சென்டிமீட்டர்

ஞாயிறு காலை ஆறே முக்கால்.
பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிராப்பில் இருபத்து மூன்று ரிங்கிட்.
சக்கர நாற்காலியைப் பின்பெட்டியிலிருந்து இறக்கிய ஓட்டுநர்
"இங்கயா?" என்று இரண்டு முறை கேட்டார்.
இங்கேதான்.
கோலாலம்பூர் முடிந்து மரம் தொடங்கும் இடம்.

நடைக்குழுவில் பதினான்கு பேர்.
அழைப்பில் எழுதியிருந்தது: எல்லாரும் வரலாம்.
அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை
வாங்குமுன் துணியைத் தடவுவதுபோல்
வாரம் முழுக்கத் தடவிப் பார்த்திருந்தேன்.
சாயம் போகுமா, நனைந்தால் சுருங்குமா.

காட்டு வாசலில் இரும்புக் குழாய்கள்.
மோட்டார் நுழையாமலிருக்க மாநகர் மன்றம் நட்டது.
உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் ஆள் போகலாம்.
நாய் போகலாம்.
பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டும் போகலாம்.

நான் தையல்காரி. கைப்பையில் எப்போதும் அளவு நாடா.
குழாய்க்கும் குழாய்க்கும் அறுபத்தொன்று.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் அறுபத்தாறு.
ரவிக்கையென்றால்
பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்த துணியை
வெளியே விட்டால் தீர்ந்தது.
கல்யாணத்துக்கு முந்தின இரவு எத்தனை பேருக்கு
செய்து கொடுத்திருக்கிறேன்!
இரும்பைத் தைத்தவன் உள்ளே துணி விடவில்லை.

மிஸ்டர் சியூ சொன்னார்: நாலு பேர் தூக்கினா ஒரு நிமிஷம்.
ஹஸ்னா சொன்னாள்: அக்கா, நீங்க வந்ததே பெரிய விஷயம்.
பின்னால் ஒருவர்
என்னைத் தூக்கப்போகும் காட்சிக்காகக்
கைப்பேசியை நீட்டிவிட்டார்.

வேண்டாம் என்றேன். கோபமில்லை.
பத்தொன்பது வயதில், ஃபெடரல் நெடுஞ்சாலையில்
ஒரு மோட்டார் என்னைத் தூக்கி எறிந்ததிலிருந்து
முப்பத்தொரு வருடமாக
பேருந்தில், கோயில் படியில், பதிவு அலுவலகத்தில்
யாராவது தூக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.
அரிசி மூட்டைக்கும் அலுத்துப்போகும்.

நீங்க போங்க.
போனார்கள், திரும்பிப் பார்த்துப் பார்த்து.
அப்புறம் பார்க்காமல்.

காவல் சாவடியிலிருந்து திலக் பகதூர் வந்தான்.
நாலு வருடமாக இந்த மலைக்குக் காவல்.
மேலே ஒருநாளும் போனதில்லை.
வேலை நேரத்தில் போகக்கூடாதாம்.
லீவு நாளில் போனால்
இங்கே உனக்கென்ன வேலை என்று கேட்பார்களாம்.
"எங்க ஊர்ல மலை ஏற யாரும் ஷூ வாங்க மாட்டாங்க" என்றான்,
சியூவின் குழு போன பக்கம் பார்த்து.
மலாயில்தான் பேசிக்கொண்டோம்.
பிறகு கேட்டான்:
மோட்டார்க்காரங்க எப்படிப் போறாங்க, தெரியுமா?

வேலியோரமாக இருநூறு அடி.
டுரியான் திருட வருகிறவர்கள் வெட்டிய ஓட்டை.
நாடாவை எடுக்கவே தேவையில்லை,
ஒரு பசுமாடு போகும்.
மோட்டாருக்காக நட்ட இரும்பு
இத்தனை நாளில் நிறுத்தியது என்னைத்தான்.
சிரித்தேன். அவனும்.

நுழைந்தேன்.
ஐம்பது அடியில் சக்கரம் சேற்றில் புதைந்தது.
முழங்கை வரை செம்மண்.
வலது கணுக்காலில் ஓர் அட்டை
நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.
எனக்கு அங்கே உணர்ச்சியில்லை,
திலக் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.
அதற்கு
எல்லாரும் என்றால் எல்லாரும்தான்.

ஓட்டையைத் தாண்டி அவன் காலெடுத்து வைத்தது
என் நாற்காலியைத் தள்ளத்தான்.
தள்ளி முடித்தும் உடனே திரும்பவில்லை.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
மேலே, இலைகளுக்குள், எதையோ தேடினான்.

சொல்லிக்கொள்ளும்படி அழகு ஒன்றுமில்லை.
சில்வண்டு. தூரத்தில் நெடுஞ்சாலை
குக்கர் மாதிரி இரைந்தது.
ஒரு குரங்கு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
நானும் விட்டேன்.
இதற்குத்தான் வந்தேன் என்று தோன்றியது:
யாரும் கைதட்டாத ஒரு மரத்தடியில்
கொஞ்ச நேரம் சலித்துப்போக.

ஒன்பது மணிக்கு வாசல் பக்கம் குரல்கள்.
யோகேஸ்! யோகேஸ்வரி!
உடனே பதில் சொல்லவில்லை.

நாளைக்கு மாநகர் மன்றத்துக்கு எழுதுவேன்.
அளவு மட்டும். தொண்ணூறு சென்டிமீட்டர் போதும்.
ஓட்டையைப் பற்றி
ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.
முதலில் அதைத்தான் அடைப்பார்கள்.