ஒற்றைக்கொம்பு

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே
தகரக் கூரை, ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரிப்பேர்.
ஷட்டரை இறக்கிய பிறகுதான்
மேசையடியிலிருந்து அந்த மடிக்கணினியை எடுப்பேன்.
ஒரு ஜிபி நினைவகம், ஒரு பக்கம் கீல் இல்லை.
விண்டோஸ் கைவிட்டதை
யாரும் பேர் கேள்விப்படாத ஓர் இயங்குதளம்
தத்து எடுத்துக்கொண்டது.

"இதுல வாட்ஸ்அப் வருமா?" என்றார் ஹாலன்,
ஸ்கிரீன்கார்டு ஒட்ட வந்தவர்.
வராது.
"யூடியூப்?"
வரும். படம் முதலில், சத்தம் அப்புறம்.
"பின்ன எதுக்கு?"
ஹாலனுக்கு இன்னும் பதில் பாக்கி.

அரட்டைச் செயலி ஒன்று உண்டு இதில்,
இதற்கென்றே எழுதியது.
வயிற்றுக்குள் ஓர் உலாவியை ஒளித்துவைத்துக்கொண்டு
நானும் செயலி என்று பொய் சொல்லாதது.
சுட்டியிலிருந்து விரலை எடுப்பதற்குள் திறந்துவிடும்.
சோலைமரம் மாதிரி என்று ஒருநாள் தட்டினேன்,
மற்றதெல்லாம் சீகை, யூகலிப்டஸ்,
ஊற்றைக் குடித்து வளர்கிறவை.

ஈரக்கரி பதில் போட்டது:
உன் ஊர்த் தேயிலை எந்த ஊர்ச் செடி?
என் ஊர் உருளைக்கிழங்கு?

வாயை மூடிக்கொண்டேன்.
அப்பா ஆறு வயதில்
தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்.
இந்த மண் என்று நான் எந்த மண்ணைச் சொல்ல.

ஈரக்கரி நிஜப்பெயர் இல்லை.
மன்னவனூரில், ஆட்டுப்பண்ணைக்குப் பக்கம்,
பூண்டு போடுகிற குடும்பம்.
ஆணா பெண்ணா, நான் கேட்டதில்லை.
அந்தப் பெயரைப் பிடித்ததற்குக் காரணம் மட்டும் தெரியும்:
அதில் கொம்பு கிடையாது.

இந்தச் செயலியில் கொம்பு
தன் எழுத்துக்கு முன்னால் நிற்காது.
பின்னால் நழுவி
அடுத்த எழுத்தின் தலைமாட்டில் ஒட்டிக்கொள்ளும்.
செசிலியா என்று அடித்தால்
முதல் எழுத்து மொட்டையாய் நிற்க
இரண்டாவதற்கு முளைக்கும்.
இரண்டு வருடம் அப்படித்தான் பேசினோம்.
நினைவகக் கசிவு, மழை, பூண்டு விலை,
எல்லாக் கொம்பும் பக்கத்து வீட்டில்.

கோப்பு அனுப்புவது இன்னும் மோசம்.
நடுவில் கிடங்கு கிடையாது.
அங்கிருந்து இங்கே, நேராக.
இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டும்;
ஒருவர் மூடினால் போயிற்று.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை
பதினொன்றரைக்கு அனுப்பத் தொடங்கியது ஈரக்கரி.
பதினெட்டு எம்பி. எழுத்துருவும் ஒரு திருத்தமும்.
முப்பது சதவீதத்தில் அங்கே கரண்ட் போனது.
மறுபடி.
அறுபத்தெட்டில் இங்கே
கடைக்குப் பின்னால் கேரட் மூட்டையை மோந்துபார்த்த
காட்டெருமை ஒன்று
கேபிளைக் கொம்பில் மாட்டி
இழுத்துக்கொண்டு இறங்கிப் போனது.
போனை ஹாட்ஸ்பாட்டாக்கி
ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டினேன்.
மறுபடி.

தூங்கிட்டியா என்றது.
இல்லை என்றேன்.
பத்து நிமிடம் கழித்து நான் கேட்டேன்.
இல்லை என்றது.
அந்த ராத்திரி நாங்கள் பேசியது அவ்வளவுதான்,
அவ்வளவையும் பலமுறை.

ஒன்றே முக்காலுக்கு முழுதாய் வந்து சேர்ந்தது.
தொகுத்தேன். ஓர் எச்சரிக்கை, பிழை இல்லை.
செயலியை மூடித் திறந்தேன்.

இரண்டு வருடப் பேச்சும்
நிமிர்ந்தது.
ஒவ்வொன்றாய் இல்லை, ஒரே மூச்சில்
தத்தம் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றன கொம்புகள்.
படித்ததையே மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன்.
புதிதாய் ஒன்றும் இல்லை.
பூண்டு விலைதான், மழைதான்.
ஆனாலும் எழுந்து விளக்கைப் போட்டேன்.

அடியில் ஒரு புது வரி:
செசிலியா, தெரியுதா?

தெரியுது என்று தட்டி அனுப்புவதற்குள்
ஈரக்கரிக்குப் பக்கத்துப் பச்சைப்புள்ளி
அணைந்திருந்தது.
கரண்ட் போயிருக்கும். அல்லது தூக்கம்.

நடுவில் கிடங்கு இல்லாததால்
என் பதில் இந்த மலையிலேயே நிற்கிறது,
கொம்பு சரியான இடத்தில்.