ஒரு பத்தாயிரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள்

கல்முனைப் பிரதான வீதியில்
புடைவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
என் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை,
அதில் சிவப்பு மையில் இந்த மாத இலக்கு,
கீழே என் பெயர்,
பெயருக்கு நேரே வெறும் கோடு.

ஆதம்பாவா காக்கா நிந்தவூரிலிருந்து வந்திருந்தார்.
கட்டாரில் பத்தொன்பது வருடம்
தண்ணீர் பவுசர் ஓட்டியவர்.
மடியில் மகளின் டியூசன் பை,
பையின் மேல் சிரிக்கும் பூனை,
பூனைக்குள் பதினாறு இலட்சம்.

"நீங்க எவ்வளவு தாறீங்க?"
"பதினொரு வீதம்."
"மாசத்துக்கா?"
"வருசத்துக்கு."
அவர் சிரித்த சிரிப்பில்
அடுத்த மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கைபேசியை என் பக்கம் நீட்டினார்.
பச்சை நிறத்தில் ஓர் இலக்கம்.
சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால்
இரவைவிடக் கொஞ்சம் கொழுத்திருக்குமாம்.
பெப்ரவரியில் போட்டது இரண்டு இலட்சம்,
இப்போது மூன்றேகால்.
"வட்டியில்ல தம்பி, வியாபாரம்.
எங்கட றோட்டுல பாதிப் பேர் இதிலதான்."

என்ன வியாபாரம் என்றேன்.
யோசித்தார்.
"அது... வெளிநாட்டு வியாபாரம்."
யார் நடத்துவது?
"ஒரு பொடியன் ஹோட்டல்ல கூட்டம் வெச்சான்.
புரியாணி."

நான் நிறையப் பேசலாம்.
அதற்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள்,
பாசிக்குடாவில், மூன்று நாள்.
ஆபத்தை ஏணியாக வரைந்த படமும் தந்தார்கள்.
பவுசர் ஓட்டியவருக்குப் படம் எதற்கு?

"காக்கா, தாங்கியில் தண்ணீர் இருக்கிறதென்று
எதை வைத்து நம்புவீர்கள்? மீட்டர் முள்ளையா?"
"முள்ளு பொய் சொல்லும்.
பைப்பத் திறந்து பாக்கணும்."
"திறவுங்கள்.
ஒரு பத்தாயிரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள்."

விரல் பெரியது, பொத்தான் சிறியது.
இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் பட்டது.
ஒரு வட்டம் சுற்றியது.
கீழே யாரோ சாரத்துக்கு விலை பேசினார்கள்.
அக்கரைப்பற்று பஸ் ஒன்று
ஹோர்னை எடுக்காமல் கடந்து போனது.
வட்டம் சுற்றியது.

பிறகு எழுத்து வந்தது,
தமிழ்தான், மரியாதையான தமிழ்:
அன்பின் வாடிக்கையாளரே,
பணத்தை மீளப்பெறுவதற்கு முன்
வரியாக நாற்பதாயிரம் வைப்பிலிடவும்.

அதைச் சத்தமாக வாசித்தார்.
பின்பு சத்தமில்லாமல்.
"பத்த எடுக்க நாப்பதா?"
பூனையின் முகத்தை
உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் படிவத்தை நீட்ட வேண்டும்.
பாசிக்குடாவில் சொன்னது:
பயந்த மனிதன் தானாகவே பேனையைத் தேடுவான்.
அவர் கண் பேனையில்தான் இருந்தது.

நான் சன்னலைக் காட்டினேன்.
எதிர்ப்பக்கம் வங்கி.
வட்டி வேண்டாமென்றால்
இலாபப் பங்குக் கணக்கு உண்டு, கேளுங்கள்.
ஆறு மாத அரிசிக்கும் கறிக்கும் ஆகிற காசை
நினைத்த நாளில் எடுக்கிற இடத்தில் வையுங்கள்.
மகளின் காசை
யாருடைய கனவிலும் போடாதீர்கள், என்னுடையதிலும்.
இதெல்லாம் போக மிச்சமிருந்தால்,
அது தொலைந்தாலும் உங்களுக்கு நித்திரை வருமென்றால்,
அப்போது இந்தப் படியேறுங்கள்.
போன இரண்டு இலட்சத்தைப் பொலிஸில் எழுதிக் கொடுங்கள்.
அதைப் பிடித்து வரச்சொல்லி
மூன்றாவதை அனுப்பாதீர்கள்.

பலகையிலிருந்த கோடு
என் முதுகில் இழுபட்டது.

எழும்பினார். சால்வையை உதறினார்.
திரும்ப இருந்தார்.
"தம்பிட காசி எங்க இரிக்கி?"

பதினொரு வருடத்தில்
இந்தக் கதிரையிலிருந்து யாரும் கேட்காதது.
லாச்சியைத் திறந்தேன்.
லேமினேட் செய்த சான்றிதழ்,
தங்க நிற ஓரம், இரண்டு கையொப்பம்,
தும்பிக்கை தூக்கிய யானை முத்திரை.
கொம்பனியை இழுத்து மூடி எட்டு வருடம்.

வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
தங்க ஓரத்தைப் பெருவிரலால் தடவினார்.

"நல்ல கடதாசி" என்றார்.