எண்பத்திரண்டு கிலோ

அளவு நாடாவின் நுனியைப் பல்லில் கடித்தபடி
கண்ணாடி போட்டு மூடிய பால்கனியை அளக்கிறேன்.
இரண்டு மீட்டர் பத்து. ஒன்று அறுபது.
வாஷிங் மெஷினுக்குப் போனது போக,
முட்டைக்கோஸ் ஊறும் ஜாடிகளுக்குப் போனது போக
மிச்ச இடத்தில் நின்று கை விரித்தால்
ஒரு கை சுவரில் இடிக்கும்,
மற்றது வெளியே பனியைத் தொடப் பார்க்கும்.

டிரெட்மில் வாங்கு என்றான் அக்காள் மகன் வாஜா.
யானை வாங்கலாம்,
கட்டுகிற இடத்தை நீ காட்டு என்றேன்.
எங்கள் லிஃப்ட் நாணயம் போட்டால்தான் நகரும்.
நாணயம் இல்லாத நாளில்
எட்டு மாடியும் எனக்கு டிரெட்மில்தான்,
நிமிர்த்தி வைத்தது.

சாபுர்தாலோவில் ஒருவர் சைக்கிள் விற்கிறார்,
சக்கரம் இல்லாத சைக்கிள்.
தெங்கிஸ் என்று பெயர்.
மீட்டரில் முப்பத்தேழு கிலோமீட்டர்.
இங்கிருந்து ம்ட்ஸ்கேதாவுக்குப் போய்விட்டுத்
திரும்புகிற வழியில்
யாரோ இறங்கிக்கொண்ட மாதிரி.
"மனைவியுடையது" என்றார்.
மேற்கொண்டு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
மிதித்துப் பார்த்தேன்.
முழங்கால் ஒப்புக்கொண்டது, முதுகு சும்மா இருந்தது.
எனக்கு வேண்டியது முதுகு.

கடையில் இளஞ்சிவப்பு டம்பெல்லை நீட்டினான் பையன்.
இரண்டு கிலோ.
"எவ்வளவு குறைக்கணும் அம்மா?"

குறைக்க அல்ல தம்பி.
எண்பத்திரண்டு கிலோ தூக்க வேண்டும்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு,
திரும்பக் கட்டிலுக்கு.
நாளைக்கு ஒன்பது தடவை.

ஏஜென்சி கொடுத்த தாளில் இருக்கிறது எல்லாம்:
பாரி நகரம், மூன்றாவது மாடி,
சின்யோர் கொலுச்சி, முன்பு லாரி ஓட்டியவர்,
இடது பக்கம் வராது, உப்பு ஆகாது.
பார்க்காத மனிதனின் எடை
பையில் மடித்துக் கிடக்கிறது.

பையன் நல்லவன். யோசித்தான்.
பார்பெல்லைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான்.
இரும்புக்குப் பிடி உண்டு,
இரண்டு பக்கமும் ஒரே கனம்,
கீழே போட்டால் தரைக்குத்தான் வலி.
கடைசியில் மணல் மூட்டை ஒன்றை இழுத்து வந்தான்.
"உள்ளே நகரும் அம்மா. ஆள் மாதிரி."
விலையைப் பார்த்தேன்.
ஆளே மலிவு.

அன்று சாயங்காலம் தெங்கிஸுக்குப் போன் செய்து
சைக்கிள் வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார். சொன்னேன்.
நெடுநேரம் சத்தமில்லை.
"என் சியாலா பாரியில்தான் இருக்கிறாள். ஆறு வருஷம்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மாடியும் ஏறி வந்தார்,
கையில் நாணயம் இருந்தும்.
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.
ஜாடியில் சாய்த்து வைத்த போனில் சியாலா.
பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
அவள் குரலைத் தணித்துக்கொள்கிறாள்.

"தெங்கோ, செத்த மீன் மாதிரி இரு.
நீ உதவி செய்யாதே. அவர் செய்ய மாட்டார்.
லம்சீரா, கையால் தூக்காதே.
உன் முட்டியால் அவர் முட்டியை அணைகட்டு.
கட்டிப்பிடி. வெட்கம் பார்க்காதே,
வெட்கம்தான் முதுகை ஒடிக்கும்.
தூக்குவதற்கு முன்னால் சொல்லு.
சொல்லாமல் தூக்கினால்
எந்தக் கிழவரும் இரண்டு மடங்கு கனப்பார்."

அவர் எடை எழுபத்தாறு.
குறைகிற ஆறு கிலோவுக்கு
ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்தேன்.
தெங்கிஸ் சிரித்துவிட்டார்.
சிரிக்கிற உடம்பு தனிக் கனம்,
நழுவி என் தோளில் விழுந்தது.
போனுக்குள் அவளும் சிரித்தாள்.
பிறகு இருவரும்
ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆறு வருஷமாக அவள் தொடாத தோளைச் சுற்றி
என் இரண்டு கைகள்.
அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
"இன்னும் கீழே பிடி" என்கிறாள்,
"விலா எலும்புக்குக் கீழே. அங்கேதான்."

ஊனோ என்றேன்.
தூவே என்றேன்.
இத்தாலிய மொழியில் எனக்கு
மூன்று வரைக்கும்தான் வரும்.
அது போதும் இதற்கு.