ஒன்பதாம் கிலோமீட்டர்

செவ்வாய்க்கிழமை இருபத்து நான்கு சென்டிமீட்டர்.
வியாழன் காலை இருபத்தாறு.
துளைப்பானை இழுத்தெடுத்ததும்
குழிக்குள் கடல் ஏறி வந்து
விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது,
வாசல்வரை வந்து தயங்கும் விருந்தாளிபோல.
அளவுகோலை இறக்கினேன். எண்ணைக் குறித்தேன்.
பதினேழு குளிர்காலமாக இதுதான் பிழைப்பு:
ஹியூமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறைந்தால் சாலை என்று அறிவிப்பது,
இளகினால் அந்த அறிவிப்பைக் கழற்றி
கொட்டகையில் வைத்துப் பூட்டுவது.

விதிகள் பலகையில் இருக்கின்றன.
இருக்கைப் பட்டி போடாதே.
முன்வண்டியை ஒட்டிப் போகாதே.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வேகம் ஆகாது,
அந்த வேகத்தில் அடியில் ஓர் அலை எழுந்து
வண்டியோடு கூடவே ஓடிவரும்.
எங்கும் நிறுத்தாதே.

டைமி நிறுத்தியிருந்தாள்.
வழி காட்ட நட்ட ஜூனிப்பர் கிளைகளுக்குப் பக்கத்தில்,
ரொட்டி வண்டியின் கதவு திறந்தே கிடக்க,
பனிக்கட்டிமேல் குப்புற.

விழுந்துவிட்டாள் என்றுதான் ஓடினேன்,
ஆணி வைத்த காலணி கறகறக்க, கத்திக்கொண்டே.
அவள் தலை தூக்கவில்லை.
ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி,
குழந்தை தூங்கும் வீட்டில் செய்வதுபோல,
மெல்ல, என்று காட்டினாள்.
"படு, எண்டெல். தொப்பியைக் கழற்று."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பு வேறு.
படுத்தேன்.

காற்று பனித்தூளைப் பெருக்கித் தள்ளிய இடம்.
கட்டி கறுத்துத் தெளிந்திருந்தது.
இரு கைகளையும் கண்ணோரம் குவித்தால்
முதலில் குமிழிகள்:
சேற்றிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் பிடிபட்டு
ஒன்றன்மேல் ஒன்றாய்,
எண்ணி அடுக்கிய காசுகள்.
அப்புறம் ஆழம், ஓர் ஆள் உயரம்கூட இராது.
அப்புறம் பாசிக்காடு,
பழுப்பாய், கிளைகிளையாய், கொப்புளம் கொப்புளமாய்,
மேலே பிப்ரவரி என்பதே தெரியாமல்
அசைந்துகொண்டிருந்தது.
விரல் நீள முள்மீன் ஒன்று அதனூடே
தன் சோலியைப் பார்த்துப் போனது.

பதினேழு வருஷம்.
நாடி மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு
நோயாளியின் முகத்தைப் பாராமலே
வீடு திரும்பிய வைத்தியன் நான்.

"காதை வை" என்றாள்.
வைத்தேன். குளிர் சுட்டது.
எங்கோ தொலைவில்
முறுக்கிய கம்பியை யாரோ சுண்டினார்கள்.
இன்னொரு சுண்டல்
என் நெஞ்சுக்கு அடியிலேயே ஓடித் தெற்கே போயிற்று.
பிறகு ஒரு முனகல், தாழ்வாய், விடாமல்.
"விரிசலா?"
விரிசல் என்றால் நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்,
நான் கேட்கிறேன்.
"தபால் வேன். இன்னும் கண்ணுக்கு வரவில்லை."
எழுந்து பார்த்தேன்.
வெள்ளை, வெள்ளை, ஒரு கிளை, வெள்ளை.
மணியோசை வந்துவிட்டது, யானையைக் காணோம்.

மறுபடி குனிந்தபோது
காடு மொத்தமும் ஒருசேரக் கிழக்கே சாய்ந்தது.
மூச்சுப் பிடித்ததுபோல் கொஞ்சம் அப்படியே நின்று
நிமிர்ந்தது.
அதற்கப்புறம்தான் மேற்கே
இரண்டு விளக்குகள்.

உடுப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.
தாழ்ந்த சூரியனைச் சுற்றி ஊர்கோள்,
இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாய்
வெளிறிய பொய்ச்சூரியன்கள்.
அவள் அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை,
ரொட்டித் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.
இமை நுனியில் அவளுக்கு உறைபனி. எனக்கு மூக்கில்.
"எழுதுவாயா?"
"எழுதத்தான் வேண்டும்."
"வாரா வாரம் நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு
நாற்பதைத் தாண்டிய வேகத்தில், விதிப்படி, போனாள்.

பதிவேட்டில் கட்டங்கள் உண்டு:
தடிமன், வெப்பநிலை, விரிசல், நிறுத்தம், காரணம்.
நிறுத்தம்: பதினோரு நிமிடம்.
காரணத்தில் பேனா நெடுநேரம் நின்றது,
மை உறைந்துபோயிற்று, வாயில் வைத்து ஊதினேன்.
என்ஜின், என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை இருபத்தேழு.
குறித்தாயிற்று.
கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை.
தொப்பியைக் கழற்றுகிறேன்.