ஐந்து பொட்டு

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
பதினெட்டு மாதக் கணக்கு இன்று முடிந்தது.
ஜெசிந்தா சிஸ்டர் சீட்டை என் பக்கம் திருப்பி
ஒரு வார்த்தையின் கீழ் விரல் வைத்தாள்.
'இல்லை' என்பதற்கு
இத்தனை நீள வார்த்தையா என்றுதான் தோன்றியது.
நிதிலன் மேசைமேலிருந்த ஸ்டாம்ப் பேடைத்
தின்னப் பார்த்தான்.

பக்கத்து நாற்காலியில் மோனிஷா.
பதினாலு நடக்கிறது அவளுக்கு.
எடை நாற்பத்தொன்று,
இந்த முறையும் கிருமி எண்ணிக்கைக்குச் சிக்கவில்லை,
நல்லா இருக்கா என்றார் டாக்டர்.
ஒரு மாத மாத்திரையை மடியில் வைத்திருக்கிறவள் முன்னால்
எப்படிச் சிரிப்பது?

இவன் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள்
குதிகாலில் ஒரு குத்து.
அட்டையில் ஐந்து வட்டம்,
வட்டத்துக்கு ஒரு பொட்டு ரத்தம்.
வெயில் படாமல் காயவைத்து
உறையிலிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள்.
காய்ந்த பிறகு குங்குமம் மாதிரிதான் இருந்தது.
அதுவரை தினமும்
சிரிஞ்சில் அளந்து கன்னத்தோரம் சொட்டு மருந்து.
என் மாத்திரையை ஒருநாள் விட்டதில்லை.
தாய்ப்பால் மட்டும், வேறெதுவும் கூடாது என்றார்கள்;
தெருவுக்கு வந்த கழுதைப்பாலையும் வேண்டாமென்றேன்.
ராசியில்லாத வீடு என்று சொல்லிக்கொண்டே
கழுதையை ஓட்டிப் போனான் அவன்.

மோனிஷாவுக்கு அட்டை இல்லை, சொட்டு இல்லை.
யாரும் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
வயிற்றில் ஐந்தாம் மாதம்,
ரத்தம் கொடுக்க ஒரு வரிசை,
எனக்கு முன்னால் பதினேழு பேர்.
முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் தொடங்கிவிடும்.
கூடை நிரம்பாவிட்டால் அன்றைக்கு அடுப்பில்லை.
சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.
வியர்வையில் ஊறிக் கூழாய்ப் போயிற்று அது.
பிறகு யாரும் கேட்கவில்லை.
நானும்.

நாலு வயதில் காதில் சீழ், நாக்கில் வெள்ளை,
பத்து கிலோவைத் தாண்டாத உடம்பு.
கோரிமேட்டில் ஒரு டாக்டர்
அவள் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு
என் விரலைக் கேட்டார்.
அப்புறம் அவள் அப்பாவின் விரலை.
தலைகீழாக வந்தது சேதி,
பிள்ளையிடமிருந்து எங்களுக்கு.

அப்போதைய சிரப் அப்படிக் கசக்கும்.
நெல்லிக்குப்பம் வெல்லத்தை முதலில் நாக்கில் தடவி,
மூக்கைப் பிடித்து,
வாந்தி எடுத்தால் மறுபடி அளந்து.
சளி மருந்து என்றேன்.
கொஞ்சம் வளர்ந்ததும் சத்து மாத்திரை.
டப்பா லேபிளை நகத்தால் சுரண்டுவேன்,
பஸ்ஸில் குலுங்கிக் காட்டிக்கொடுக்காமலிருக்க
உள்ளே பஞ்சு.

கண்டக்டர் மகளிர் சீட்டு இரண்டு கிழித்துத் தந்தான்.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது கேட்டாள்:
"தம்பிக்குச் சொட்டு மருந்து குடுத்தியே,
எனக்கும் குடுத்தியாம்மா?"

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருந்தது.
அறிவியல் புத்தகம், ஆஸ்பத்திரிச் சுவரின் சிவப்பு ரிப்பன்,
சுரண்டியும் போகாத இரண்டு எழுத்து.
நீங்க சொல்லுங்க, இல்லன்னா சுவரு சொல்லிடும் என்று
ஒரு வருஷமாகச் சொல்கிறாள் கவுன்சிலர் கோமதி.
அவளோடு ஒத்திகை பார்த்த வாக்கியங்களில்
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
"பதினேழு பேரு இருந்தாங்க, மோனி"
என்றுதான் வந்தது.
வரிசையை, ஏலத்தை, கூழான சீட்டை,
பாலம் முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.
"அன்னிக்கு என்ன மீனு?"
"காரப்பொடி."
முதுநகர் வரை வேறு பேச்சில்லை.

எட்டரைக்குப் போன் அலாரம்.
நான் எழுவதற்குள் அவளே டப்பாவைத் திறந்தாள்.
பஞ்சைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.
விழுங்கினாள், தண்ணீர் கூட இல்லாமல்.
பிறகு மைச்சிமிழ் எடுத்து வந்து
தூங்குகிறவனின் குதிகாலைத் திருப்பி
அன்று குத்திய இடத்தைத் தேடி
ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

விரலில் மிச்சமிருந்த மையை
என் புடவையில் துடைத்தாள்.
கோபத்திலா என்று
கேட்கவில்லை இன்னும்.