யூரியா போட்டுக் கழுவிய பின்

தரமணி வந்து சேரும்போது
அவர்களுக்குப் பெயர் இருக்காது.
உலர்பனிப் புகைக்குள் கைவிட்டு எடுக்கிறேன்:
நாலு ஜீரோ ஒண்ணு ஏழு.
கடல் தாண்டி எங்கோ
மூன்றாம் ஊசிக்கு வீறிட்ட பிள்ளை ஒன்றின்
கால் தேக்கரண்டி ஊநீர்.
தெளிந்த மோரின் மேல்நீர் போல
அவ்வளவு சாதுவான நிறம்.

முதல் நாள் எண்ணுவது.
அது சுலபம். தொண்ணூற்றாறு குழி.
மஞ்சள் ஏற ஏற எதிர்ப்பொருள் அதிகம்.
நாலு ஜீரோ ஒண்ணு ஏழின் குழி
பங்கனப்பள்ளிச் சாறாய்த் ததும்பியது.
"டிஸ்டிங்ஷன்" என்றான் பக்கத்து மேசை இளம்பரிதி.
அடுத்த குழியைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினான்.

இரண்டாம் நாள்தான் என் வேலை.
யூரியா.
உரக்கடையில் மூட்டை மூட்டையாய்க் கிடக்குமே,
அதே சரக்கு, கொஞ்சம் சுத்தம்.
கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுவேன்.
பொட்டலத்துக்கு லாரி ஏறி வந்த கூட்டம்
மழை தூறியதும் கலையும்.
கலைந்தது.
நாலு ஜீரோ ஒண்ணு ஏழு
கைகழுவிய தண்ணீராய் வெளுத்துக் கிடந்தது.
அத்தனை கையும்
தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பக்கத்துக் குழி,
எண்ணிக்கையில் ஏழை.
கழுவினேன்.
சந்தேகத்தில் மறுபடியும் கழுவினேன்.
அதே இளமஞ்சள்.
உடும்பு.

கொசு துப்பியது ஈரல் போய்ச் சேர
அரைமணி போதும் என்பார்கள்,
இங்கிருந்து மயிலாப்பூர் போகும் நேரம்.
அதற்குள் எது பிடித்தது,
எது வழிவிட்டது.
கடைசி ஊசியைத் தள்ளிப் போட்டால்,
அளவைக் குறைத்தால்,
பிடி இறுகுகிறதோ என்று தாஹிரா மேடத்துக்கு ஒரு எண்ணம்.
"எண்ணம்னே எழுது.
கண்டுபிடிச்சோம்னு எழுதாதே."
யாருக்குக் காய்ச்சல் வந்தது என்ற பட்டியல்
வேறு ஊரில், வேறு பூட்டில்.
டிசம்பரில் திறப்பார்கள்.
அதுவரை
என் உடும்புக்கு உடம்பு சுட்டதா என்று
எனக்குத் தெரியாது.

ராயபுரத்தில் என் செர்லினுக்கு
ஆகஸ்டில் குளிர் கண்டது.
மூன்று போர்வைக்கு அடியில் கட்டில் ஆடியது.
விரலில் குத்தி, கண்ணாடியில் தீற்றி,
பதினாலு நாள் மாத்திரை.
கசக்குது என்று துப்பினாள்.
வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுத்தேன்,
பழத்தைத் தின்றுவிட்டு அதைத் துப்பினாள்.
எங்கள் தெருவில் வருவது வேறு இனம்.
ஈரலில் போர்த்திப் படுத்து
மாதம் கழித்து எழுந்து வரும்.
நான் கழுவிப் பார்க்கும் ஊசி
அதைக் கண்டுகொள்ளாது.
இதை அம்மாவிடம் சொன்னபோது
"அப்புறம் எதுக்குடி அங்க போற?" என்றாள்.
சம்பளத்துக்கு என்றேன்.
பாதி உண்மை.

மாநகராட்சி ஏகவள்ளி
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
மொட்டை மாடி ஏணியில் ஏறினாள்.
சிண்டெக்ஸ் மூடி போன புயலில் போனது.
வீட்டுக்காரர் தை மாதம் என்கிறார்,
எந்தத் தை என்று சொல்வதில்லை.
அகப்பையில் மொண்டு காட்டினாள்:
காற்புள்ளிகள்.
நீர்மட்டத்தோடு படுத்திருக்கும்
ஐந்தாறு பொடிக் காற்புள்ளிகள்.
"படிச்ச பொண்ணுதானே நீ" என்றாள்.
சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இரவு எட்டு மணிக்கு
பழைய கொசுவலையை நாலாய் மடித்து
தொட்டியின் வாயில் கட்டினேன்.
செர்லின் டார்ச் பிடித்தாள்,
பெரும்பாலும் என் கண்ணில்.
முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு வாளித் தண்ணீரை மேலே கொட்டி
மறுபடி இழுத்துப் பார்த்தேன்.
"எதுக்கும்மா தண்ணி ஊத்துற?"
கீழே யாரோ
மோட்டாரை நிறுத்தச் சொல்லிக்
கத்திக்கொண்டிருந்தார்கள்.