பியூஸ் கட்டை

எங்கள் ஏ.இ. தையல்நாயகி
நல்லவர் என்று சொல்ல வரவில்லை.
பேர் நிற்காது அவர் வாயில்.
அஞ்சாபுலியை ஆறு மாதம்
அறிவழகன் என்றே கூப்பிட்டார்.
அவனும் அறிவழகனாகவே போய் நின்றான்.
கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார்.
ஆபீஸில் முழு மூடி உள்ள பேனா கிடையாது.

ஆனால் கம்பத்தில் ஆள் ஏறும் முன்
டிரான்ஸ்பார்மரின் மூன்று கட்டைகளையும் பிடுங்கச் சொல்லி
வாங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.
டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே
சோனகன்குப்பத்து மின்சாரம் மொத்தமும் கிடக்கும்.
பிறகு கம்பத்தடியில் நிற்பார்.
ஜீப் உண்டு. ஜீப்பில் நிழல் உண்டு.
நிற்பார்.
போன் வந்தால்
"மேலே ஆள் இருக்கு."
வைத்துவிடுவார்.
கலெக்டர் ஆபீஸ் என்றாலும் அதே மூன்று வார்த்தை.
எல்லோரும் இறங்கிய பிறகு
"ஏறினது எத்தனை?" என்பார்.
"நாலு" என்போம்.
நம்பமாட்டார், விரல் நீட்டி எண்ணுவார்.
எங்களை அப்படி ஒருவர் நம்பாமல் இருந்தது
எங்களுக்குப் பிடித்திருந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்பு.
திரையில் ஒரு சிங்கம்,
அதன் பின்னால் நிறைய சிங்கங்கள்.
தலைமைப் பண்புகள் பதினொன்று.
வடை நன்றாக இருந்தது.
மேடம் முன்வரிசையில் தூங்கினார்.

செக்ஷனில் ஒரு நீல நோட்டு உண்டு.
பழுது, காரணம் என்று இரண்டு கட்டம்.
வருடக்கணக்காகக் காரணக் கட்டத்தில்
அணில், காக்கை, தென்னை மட்டை,
உப்புக் காற்று, மறுபடி அணில்.
மனிதர் எவரும் அந்த நோட்டில்
தவறு செய்ததே இல்லை.

புயலின் மூன்றாம் ராத்திரி.
உப்பனாறு ரோட்டில் ஏறி நடந்துகொண்டிருந்தது.
கலியபெருமாள் அண்ணன் மேலே.
கட்டைகள் மேடம் பையில்.
அப்படியும் கம்பி கடித்தது.
ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர்
எங்கள் லைனுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
இடுப்புக் கயிறு பிடித்துக்கொண்டது. தொங்கினார்.
உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலம் கறுப்பு.
"ஐஸ் கம்பெனியைப் பார்த்துட்டு வந்துட்டேன்" என்று
அன்றைக்குச் சொன்னவன் நான்.
டீக்கடை வரைதான் போயிருந்தேன்.

விடிந்து நோட்டைத் திறந்தேன்.
காரணக் கட்டத்தில், மழையில் ஊறிய எழுத்தில்:
"ஜெனரேட்டரை நான் நேரில் பார்க்கவில்லை. தை.நா."
அவ்வளவுதான்.
என் பேர் இல்லை.
அவருக்குத்தான் பேர் நிற்காதே என்று
ஒரு நிமிடம் சமாதானம் செய்துகொண்டேன்.
ஒரு நிமிடம்தான் முடிந்தது.
அடியில் எழுதினேன்:
"பார்க்க அனுப்பியது என்னை. டீ குடித்தேன்."
மேடம் படித்தார்.
மூடியைக் கடித்தார்.
"தேதி போடல."
போட்டேன்.

அந்த வாரமே அஞ்சாபுலி எழுதினான்:
"செவ்வாய் கையுறை இல்லாமல் ஏறினேன்.
யாரும் பார்க்கவில்லை."
அதற்கடுத்த வரி கலியபெருமாள் அண்ணன்,
கட்டுப் போட்ட கையால், கோணலாக.
என்ன எழுதினார் என்று சொல்லமாட்டேன்.
தை மாதத்துக்குள்
அணில்கள் எல்லாம் விடுதலை ஆகிவிட்டன.
பழுது குறைந்ததா என்றால்
தெரியாது. கடலூர்க் காற்றில்
ஆணி துருப்பிடிக்காமல் இருக்குமா?

இன்று மேடம் லீவு. மகனுக்குக் காய்ச்சல்.
பச்சையாங்குப்பத்தில்
மேலே புதுப் பையன் நிவாஸ்.
என் சாப்பாட்டுப் பையில் மூன்று கட்டைகள்.
தயிர்சாத மூடி திறந்து
பீங்கானெல்லாம் தயிர்.
டீக்கடை இருபதடி தூரம்,
ஏலக்காய் வாசனை என்னைத்தான் கூப்பிடுகிறது.
நிற்கிறேன்.

போன் அடித்தது.
"மேலே ஆள் இருக்கு" என்று வைத்த பிறகுதான்
பேரைப் பார்த்தேன்.
மேடம்.

வயிற்றில் லேசாகப் புளி கரைந்தது.
நிவாஸ் இன்னும் இறங்கவில்லை.
போன் திரும்ப அடிக்கவும் இல்லை.